கல்யாண நகை: மேடைக்கா, மகளுக்கா?

(திருமண வயதில் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்காக நமது டிரஸ்ட் நடத்திய கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரியோர்களே, தாய்மார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் என் பிள்ளைகளே!

மணப்பெண்ணுக்கு நகை எடுப்பது பற்றி நான் பேசப் போகிறேன் என்றதும் என் வீட்டில் சிரித்தார்கள். ஆரத்துக்கும் நெக்லஸுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் என்ன பேசுவார் என்று. நியாயம்தான். ஆனால் எனக்கும் ஒரு தகுதி இருக்கிறது. நகைக்கடைக்காரர் நகையைக் கல்யாணத்துக்கு முன்னால் பார்க்கிறார். நான் கல்யாணத்துக்குப் பின்னால் பார்க்கிறேன். நமது பைத்துல்மாலில் வட்டியில்லா நகைக் கடன் கொடுக்கிற மேஜையில் 11 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயர் போட்ட அதே சிவப்புப் பர்ஸ்தான் இங்கேயும் வரும். பெரும்பாலும் நிக்காஹ் முடிந்து இரண்டு, மூன்று வருடத்தில் வரும்.

போன வருடம் ஒரு பிள்ளை ஆரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அஞ்சேகால் பவுன்" என்றாள். ஆசாரி தராசில் வைத்தார். சரியாக 42 கிராம். பிறகு அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் கல், பச்சைக் கல், வெள்ளைக் கல், கல்லுக்கு அடியில் அரக்கு. எல்லாம் கழித்து 33 கிராம் என்று எழுதினார். ஒரு பவுனுக்கு மேல் காணாமல் போய்விட்டது. "கடையில முழு எடைக்கும்தானே காசு வாங்குனாங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். பில் இருக்கிறதா என்று கேட்டேன். பர்ஸுக்குள் நான்காக மடித்து ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பில் இல்லை, எஸ்டிமேட். கடையின் பெயர்கூட அதில் இல்லை. பிள்ளை அழவில்லை. கூட வந்திருந்த அவளுடைய அத்தாதான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆரத்துக்காக அவர் வெளிநாட்டில் எத்தனை வருடம் வெயிலில் நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே நினைத்தேன், இதைப் பற்றி ஒரு நாள் பேச வேண்டும் என்று. நகை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பெண் பிள்ளைக்குத் தங்கம் ஆகுமானது. அவளுக்கு அது அழகு, ஆபத்துக்கு உதவுகிற பொருளும்கூட. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாம் எடுப்பது மூன்று மணி நேர மேடைக்கா, முப்பது வருடம் வாழப் போகிற மகளுக்கா?

நம் வீட்டுக் கல்யாணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணப்பெண் பட்டுப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். நெத்திச்சுட்டி தெரியும். கையில் வளையல் தெரியும், மோதிரம் தெரியும். கழுத்தில் நாம் அடுக்கிய ஆறு அடுக்கில் பாதி முக்காட்டுக்கும் பூமாலைக்கும் அடியில் போய்விடும். யார் பார்க்கிறார்கள்? அடுத்த வீட்டு மாமி கிட்டே வந்து முக்காட்டை விலக்கி எண்ணிப் பார்த்தால்தான் உண்டு. (எண்ணுகிறார்கள், அது வேறு விஷயம்.)

கல்யாணம் முடிந்த பிறகு அவள் வெளியே போவது புர்காவில். வீட்டில் குழந்தை, அடுப்படி, துணி. இன்றைக்கு நிறையப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒத்து வருவது என்ன? மூன்று பவுனுக்குள் ஒரு சங்கிலி. தினமும் போடக்கூடிய வளையல் நான்கு. காதில் உறுத்தாத ஒரு தோடு. விசேஷத்துக்கு ஒரு சின்ன நெக்லஸ், ஒரு ஜோடி ஜிமிக்கி. ஜிமிக்கி எடை அதிகமென்றால் மாட்டலோடு சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் காது தொங்கிவிடும். பிறகு ஓட்டையைத் தைக்க டாக்டரிடம் போக வேண்டும். மோதிரம் எடுக்கும்போது பிள்ளையின் விரலில் போட்டுப் பார்த்து, அடியில் தண்ணீர் போகிற அளவு தளர்வாக எடுங்கள். இறுக்கமான மோதிரத்தை ஐந்து வேளை ஒளுவுக்கும் கழற்றிக் கழற்றிக் குழாயடியில் வைத்து, சாக்கடையில் விட்ட கதை நம் தெருவிலேயே மூன்று உண்டு.

பிள்ளையின் விரல் என்று சொன்னேன். பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போகிறோமா? போகிறோம். ஆனால் அவளிடம் கேட்கிறோமா? பெரியம்மா ஒன்றைக் காட்டுவார், மாமியார் வீட்டிலிருந்து வந்தவர் ஒன்றைக் காட்டுவார். அவள் "உங்க இஷ்டம்" என்பாள். அதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு முழுதாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் என் மகள் கல்யாணத்துக்கு நான் எட்டுப் பவுனில் ஓர் ஆரம் எடுத்தேன். அவள் கேட்டது மெல்லிய சங்கிலியும் வளையலும். நான்தான் கேட்கவில்லை. டிரஸ்ட் செயலாளர் மகளுக்கு ஒன்றும் போடவில்லை என்று ஊரில் சொல்வார்களே என்ற பயம். இதே மைக்கில் எளிமையான திருமணம் பற்றிப் பேசிவிட்டுப் போய்த்தான் அந்த ஆரத்தை எடுத்தேன். அவள் அதை நிக்காஹ் அன்று போட்டாள், வலீமா அன்று போட்டாள், கொழுந்தனார் கல்யாணத்தில் ஒரு தடவை போட்டாள். அவ்வளவுதான். போன பெருநாளைக்குப் போனில் பேசும்போது, "அத்தா, அந்த ஆரம் என்னைப் பார்த்துக்கும்னு வாங்கித் தந்தீங்க. ஆறு வருஷமா நான்தான் அதைப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். லாக்கர் வாடகை அவள் கட்டுகிறாள். அந்த ஆரத்துக்கு ஜகாத்தும் அவள்தான் கொடுக்கிறாள்.

ஜகாத் பேச்சு வந்ததால் அதை முடித்துவிடுகிறேன். நம் ஊரில் ஹனஃபியும் இருக்கிறோம், ஷாஃபிஈயும் இருக்கிறோம். ஹனஃபி மத்ஹபில் அணிகிற நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமான முறையில் அணிகிற நகைக்கு இல்லை. ஆனால் சேமிப்பாகப் பூட்டி வைத்தால் அங்கேயும் அந்தச் சலுகை கிடையாது. நிஸாப் ஏறக்குறைய 11 பவுன் என்பது உங்களுக்குத் தெரியும். 25 பவுன் போட்டு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். 200 கிராம். இரண்டரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 5 கிராம் தங்கத்தின் விலை. சொந்த வருமானம் இல்லாத பிள்ளை அதற்கு யாரிடம் கை நீட்டுவாள்? விவரம் வேண்டுவோர் நமது இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நகையின் எடையைத் தீர்மானிக்கும் முன்பே கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி கடைக்குள் போவோம். விலையை ரூபாயில் சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சு இதழில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறியிருக்கும். கிராமில் சொல்கிறேன், கிராம் மாறாது.

ஐந்து பவுனில் வேலைப்பாடு நிறைந்த ஓர் ஆரம். சேதாரம் 20 சதவீதம் என்கிறார் கடைக்காரர். 40 கிராமுக்கு 20 சதவீதம் என்றால் 8 கிராம். முழுசாக ஒரு பவுன்! அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள், ஆனால் அது உங்கள் பெட்டிக்குள் வருவதில்லை. அதே ஐந்து பவுனை வேலைப்பாடு குறைந்த சங்கிலியாகவும் வளையலாகவும் எடுத்து, சேதாரம் 8 சதவீதம் பேசினால் 3.2 கிராம். வித்தியாசம் 4.8 கிராம், அரைப் பவுனுக்கு மேல். அந்தக் காசுக்கு ஒரு நல்ல மோதிரம் வந்துவிடும். சேதாரத்தைப் பேசிக் குறைக்கலாம், தாய்மார்களுக்கு இது தெரியும். புடவைக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசுகிறோம். நகைக்கடையில் ஜூஸ் கொடுத்து உட்கார வைத்ததும் கூச்சம் வந்துவிடுகிறது. கூச்சப்படாதீர்கள். சேதாரம் இல்லை என்று போர்டு வைத்திருந்தால் செய்கூலி எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டும் சேர்த்து மொத்தம் என்ன வருகிறது என்று இரண்டு கடையில் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. நகையை மாற்றும்போதோ விற்கும்போதோ இவற்றில் எதுவும் திரும்பி வராது. தங்கத்தின் எடை ஒன்றுதான் வரும்.

கல் நகைக்கு ஆசைப்பட்டால் எடுங்கள், தப்பில்லை. ஆனால் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லுக்குத் தனி விலை, தங்கத்துக்குத் தனி விலை. அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதில்தான். கல்லையும் அரக்கையும் தங்கத்தின் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16-லிருந்து படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. நகையில் மூன்று அடையாளம் பார்க்க வேண்டும். ஒன்று பி.ஐ.எஸ்.ஸின் முக்கோண முத்திரை. அடுத்தது 22கே916 என்ற தர எண். 22 காரட், அதாவது நூற்றில் 91.6 பங்கு தங்கம் என்று அர்த்தம். மூன்றாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம், எச்.யு.ஐ.டி. என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடைக்காரர் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான சின்ன உருப்படிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் பையனின் போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை ஏற்றி, கடையில் உட்கார்ந்த இடத்திலேயே அந்த ஆறு இலக்கத்தைத் தட்டிப் பாருங்கள். என்ன நகை, என்ன தரம், எங்கே சோதித்தது எல்லாம் வரும். மோதிரத்தின் எண்ணைத் தட்டினால் மோதிரம் என்று வர வேண்டும். வளையல் என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில் வாங்காவிட்டால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். அந்த மூன்று சதவீதத்தை மிச்சம் பிடித்தவர்தான் அன்றைக்கு என் மேஜை முன்னால் சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கி வழியாகக் கொடுங்கள், பான் கார்டு கேட்டால் காட்டுங்கள். பில்லை மகள் பெயரில் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம், மாப்பிள்ளை பெயரில் வேண்டவே வேண்டாம். நகை யாருடையதோ அவர் பெயரில் பில்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மேஜைக்கு வருகிற வழக்கில் பெரிய வழக்கு சேதாரமும் கல்லும் அல்ல. "நகை யாருடையது?" என்ற கேள்விதான். மருமகளின் நகையை வைத்து மகனுக்கு விசா எடுப்பார்கள். வட்டிக் கடையில் வைப்பார்கள். வட்டி ஏறி ஏலத்துக்குப் போகும். எத்தனையோ மகன்கள் சம்பாதித்து மீட்டுக் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சில வீட்டில் அப்படி நடப்பதில்லை. பிரச்சினை முற்றி இரண்டு பக்கமும் ஜமாஅத்துக்கு வந்து உட்காரும்போது பெண் வீட்டார் முப்பது பவுன் என்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுதான் என்பார்கள். நாங்கள் கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்து, போட்டோவில் வளையலை எண்ணியிருக்கிறோம். வெட்கமாக இருக்கும். அதில் கவரிங் எது, தங்கம் எது என்று போட்டோ சொல்லுமா?

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகள், மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியலாக எழுதி வைக்கச் சொல்கின்றன. என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு. அடியில் மணமகன், மணமகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மஹர் வரதட்சணை ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கல்யாணத்துக்கு முன்போ கல்யாணத்தின்போதோ பிறகோ உறவினர்களும் நண்பர்களும் கணவனும் கணவன் வீட்டாரும் அவளுக்குக் கொடுத்த பொருளெல்லாம் அவளைச் சேரும் என்கிறது. அந்த நாள் எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது என்றுதான் துஆ செய்கிறோம். ஆனால் வந்தால் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

"எழுதி வைத்தால் சம்பந்தி தப்பாக நினைப்பாரே" என்று ஒருவர் கேட்டார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மொய் நோட்டில் நூறு ரூபாயை எழுதுகிறோம், அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மஹரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் தாயாரின் நிக்காஹ் ஏட்டில் மஹர் 101 ரூபாய் என்று இருக்கிறது. அன்றைக்கு அது ஒரு தொகை. இன்றைக்கு அதை எடுத்துப் போனால் ஒரு வேளை பிரியாணி வரும். மஹரைத் தங்கமாகப் பேசுங்கள், கிராமில் எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டார் மஹருக்கு நகை எடுக்கும்போது பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அது அவளுக்கு மட்டும் சொந்தமான பொருள். கருகமணியில் கோத்துவிட்டு அதையே மஹர் என்று கணக்குக் காட்டுகிற பழக்கமும் இருக்கிறது. அப்படிச் செய்வதானால் அது மஹர் என்பதை அவளிடம் சொல்லிச் செய்யுங்கள், தப்தரிலும் எடையோடு எழுதுங்கள்.

மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல? ஆணுக்குத் தங்கம் ஹராம் என்று மதரஸாவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். "போட மாட்டார், சும்மா கையில் இருக்கட்டும்" என்கிறார்கள். போட மாட்டாரென்றால் எதற்குக் கேட்கிறீர்கள்?

கடைசியாக, மேடைக்கு அழகு வேண்டாமா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். வேண்டும். அதற்கு வழி இரவல். இரவல் என்றதும் முகம் சுருங்குகிறது, பார்க்கிறேன். நம் தாயார் ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் தொலைத்த மாலை யாருடையது? தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவலாக வாங்கியது. அந்தப் பயணத்தில்தான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. ஆயிஷா நாயகியிடம் ஐந்து திர்ஹம் மதிப்புள்ள ஒரு சட்டை இருந்தது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் பெண்ணை அலங்கரிக்கும்போதெல்லாம் அதைத்தான் ஆள் அனுப்பி இரவல் வாங்கிப் போவார்களாம். புகாரி ஷரீஃபில், மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்று இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. மதரஸாவில் இதை ஓதியபோது எனக்கு இது பெரிதாகப் படவில்லை. மகளுக்கு ஆரம் எடுத்த அன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. இந்த மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் புரிகிறது.

நம் பாட்டிமார் காலத்தில் ஒரு தெருவுக்கு ஒரு காசுமாலை இருந்தது. எல்லாக் கல்யாணத்திலும் அதுதான் வரும். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் குறைவாக நினைத்ததில்லை. இன்று சிதம்பரம் கவரிங்கில் ஒட்டியாணம், வங்கி, நெத்திச்சுட்டி வரை அத்தனையும் கிடைக்கிறது. நமது டிரஸ்ட்டில் மூன்று முழு செட் வாங்கி வைத்திருக்கிறோம். வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் கொடுக்கிறோம், வாடகை கிடையாது. போன ரபீவுல் அவ்வலில் வசதியான ஒரு வீட்டுப் பெண் தானாகக் கேட்டு வாங்கிப் போனாள். அவளுக்குப் பிறகு ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.

அன்பளிப்புப் பட்டியல் எழுதுவதற்கான தாளை இரண்டு பிரதியாக அச்சடித்து வைத்திருக்கிறோம். மக்ரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். நகை எடுக்கப் போகும் முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வியாழக்கிழமை பெண்களுக்கென்று தனியாக ஓர் ஆசிரியை இருப்பார், பிள்ளைகள் தாங்களாகவே வந்தும் கேட்கலாம். கவரிங் செட் வாங்கிப் போகிறவர்கள் வலீமா முடிந்த மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பெண் காத்திருக்கிறாள். அத்தர் தெளிக்காதீர்கள், கறுத்துவிடுகிறது. இரண்டாம் எண் பெட்டியில் ஜிமிக்கியின் திருகாணி ஒன்று இன்னும் வரவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள்.

வஸ்ஸலாம்.